ஓரியூர்ச் செம்மண்ணில் தீர்த்த நேர்ச்சை

என் மகள் ஐந்து வயதில் மூளைக் காய்ச்சலால் நினைவிழந்து கிடந்தபோது, இந்தப் பிள்ளையை எனக்குத் தந்துவிட்டால் இவளை ஓரியூர் மண்ணில் முழந்தாளிட வைக்கிறேன் என்று புனித அருளானந்தரிடம் நேர்ந்துகொண்டேன். நான்காம் நாள் அவள் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். அதன் பிறகு வீட்டுக் கடன், மாமியாரின் நோய், பிள்ளைகளின் தேர்வு என்று ஆண்டுதோறும் ஒரு காரணம் வந்து சேர, நேர்ச்சை இருபது ஆண்டுகள் அப்படியே நின்றுபோயிற்று. இந்த ஆண்டு அதை நினைவூட்டியவள் அவளேதான். செவிலியர் படிப்பை முடித்துத் துறவற சபையில் சேர்ந்து, முதல் வார்த்தைப்பாடும் (துறவிகள் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்குறுதி) கொடுத்துவிட்ட அவளை, வடக்கே ஒரு மலைக் கிராமத்து மருந்தகத்திற்கு மறைபரப்புப் பணிக்காக அனுப்பவிருந்தார்கள். "நான் புறப்படுவதற்கு முன் உங்கள் கடனைத் தீர்த்துவிடலாம், அம்மா" என்றாள்.

அவளிடம் சொல்லாத வேறொரு வேண்டுதலும் என் மடியில் இருந்தது. எப்படியாவது இவளை அந்த மலைக்கு அனுப்பாமல் நிறுத்திவிடும் என்பதே அது. ஏழைகளும் நோயாளிகளும் நம் பக்கத்தில் இல்லையா, மொழி தெரியாத ஊருக்குப் போய்த்தான் ஆண்டவருக்கு ஊழியம் செய்ய வேண்டுமா என்று அவளுடைய மடத்துத் தலைவியிடமே ஒருமுறை கேட்டு, பிறகு வெட்கப்பட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 4, திருவிழா நாள். திருவாடானையில் இறங்கியபோதே பேருந்து நிலையம் பிதுங்கி வழிந்தது. அங்கிருந்து நின்றபடியே பயணம். இருபுறமும் சீமைக்கருவேலம் புதர்தான். திருத்தலத்திற்கு வெளியே ஒரு மனிதர், சிறப்பு வரிசையில் அழைத்துச் செல்வதாகச் சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு, எல்லோரும் நின்ற அதே வரிசையின் வாலில் எங்களை விட்டுவிட்டு மறைந்துபோனார். ஒலிபெருக்கியோ காணாமற்போன குழந்தைகளின் பெயர்களையும் செபமாலையையும் மாற்றி மாற்றி முழங்கிக்கொண்டிருந்தது. செபிக்க வந்த இடத்தில் சிடுசிடுப்புடன் நின்றேன் என்பதை மறைப்பதற்கில்லை.

திருப்பலியின் மறையுரையில்தான் என் சிடுசிடுப்பு அடங்கியது. நாம் அருளானந்தர் என்றழைக்கும் ஜான் டி பிரிட்டோ, போர்ச்சுகலின் லிஸ்பனில் 1647ஆம் ஆண்டு பிறந்தவர்; அவர் சிறுவயதில் சாகக் கிடந்தபோது அவருடைய தாய் புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டதையும், பிழைத்த பிள்ளைக்கு ஓராண்டு இயேசு சபையாரின் அங்கியை அணிவித்து அரண்மனையில் நடமாட விட்டதையும் குருவானவர் நினைவுபடுத்தினார். எத்தனையோ முறை கேட்ட கதைதான். இம்முறை அந்தத் தாய்க்காகவே கேட்டேன். ஓராண்டோடு முடியும் என்று நம்பித்தானே அவள் அந்த அங்கியைத் தைத்திருப்பாள்? பிள்ளை 15 வயதில் சபையிலேயே சேர்ந்துவிட்டார். கணவர் பிரேசிலில் ஆளுநராக இருந்தபோதே இறந்துபோக, கைம்பெண்ணாக நின்ற அவள், 1673ஆம் ஆண்டு அவரைக் கப்பலேற்றிவிட வேண்டியதாயிற்று.

அவர் வந்து சேர்ந்த மதுரை மறைத்தளத்தில், தத்துவ போதகர் எனப்பட்ட இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி தொடங்கிவைத்த வழியையே பின்பற்றி, காவி உடுத்து, புலால் மறுத்து, எல்லாச் சாதியாரும் நெருங்கக்கூடிய பண்டாரசாமியாக நம் மண்ணில் கால்நடையாய்த் திரிந்தார். 1686ஆம் ஆண்டு பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டு விடுதலையானபின் போர்ச்சுகல் திரும்பியவரை, இளமைத் தோழரான பேதுரு மன்னர் அங்கேயே நிறுத்திக்கொள்ளப் பார்த்தார். தாயும் அங்கேதான் இருந்தாள். இருந்தும் 1690இல் மறுபடியும் நம்மிடமே வந்தார். அரசரின் சொல்லையே மீறி வந்தவரிடம் என் மகளைத் தடுத்து நிறுத்தும்படி கேட்கத்தான் நான் வந்திருந்தேன்.

பின்னர் மறவர் தலைவர்களுள் ஒருவரான தடியத்தேவர் நோய் நீங்கித் திருமுழுக்குப் பெற்றதும், மனைவியருள் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவரை விலக்கியதும், விலக்கப்பட்டவருள் ஒருவர் இராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவுப் பெண் என்பதால் அவருக்கு மூண்ட சினமும் நாம் அறிந்தவைதாம். 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், சிறையில் கரியைத் தண்ணீரில் கரைத்து, துரும்பை எழுதுகோலாக்கித் தம் மேலாளருக்குக் கடிதம் எழுதினார். மறுநாள் இதே ஓரியூரில், பாம்பாற்றங்கரையில் தலை வெட்டுண்டார். 46 வயது இன்னும் நிறையவில்லை. செய்தி லிஸ்பனை அடைந்தபோது, அரசர் ஏற்பாடு செய்த நன்றி வழிபாட்டிற்கு அவருடைய தாய் துக்க உடையில் வராமல் விழாக்கோல உடையில் வந்தாள் என்று குருவானவர் சொல்லி நிறுத்தியபோது, என்னைச் சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டோம்.

மதியம் கடந்துதான் அவர் இரத்தம் சிந்திய செம்மண் மேட்டிற்கு வர முடிந்தது. மகள் தன் வெள்ளை உடை அழுக்காவதைப் பொருட்படுத்தாமல் அந்த மண்ணில் முழந்தாளிட்டாள். இருபது ஆண்டுக் கடன் அந்த ஒரு நொடியில் தீர்ந்தது. நானும் அவள் அருகில் முழந்தாளிட்டு, மடியில் கட்டி வந்த வேண்டுதலை எடுக்கப் பார்த்தேன். வாய் எழவில்லை. பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லி நெருக்கினார்கள். ஒரு சிறுவன் என் காலை மிதித்துக்கொண்டு போனான். நான் வெறுங்கையால் மண்ணை அள்ளுவதும் விடுவதுமாக இருந்தேன். விரல்களெல்லாம் செந்நிறமாயின. பிறகு ஒன்று மட்டும் சொன்னேன்: "சாமி, உங்கள் அம்மாவைப்போல் விழாக்கோலம் பூண்டு நிற்க எனக்கு வராது. நான் அழுதுகொண்டுதான் அனுப்புவேன். அதையும் காணிக்கையாக ஏற்றுக்கொள்ளும்."

எழுந்து பார்த்தபோது மகள் என் கைக்குட்டையில் மண்ணை முடிந்துகொண்டிருந்தாள். அந்த மலைக் கிராமத்து மருந்தகத்தில் வைப்பதற்காம்.

எங்கள் அருளானந்தரே, உமக்கு நன்றி. நான்காம் நாள் அவள் கேட்ட அந்தத் தண்ணீருக்கு நன்றி. இருபது ஆண்டுகள் கடன்காரியாய்த் திரிந்த என்னைத் தண்டியாமல் பொறுத்ததற்கு நன்றி. நான் கேட்க வந்ததைக் கேட்கவிடாமல் என் வாயைக் கட்டியதற்கும், எங்களை ஏமாற்றிய அந்த மனிதரால் வரிசையில் கடைசியில் நின்றதனால், மகளோடு கைகோத்துக்கொண்டு மூன்று மணி நேரம் பேசக் கிடைத்ததற்கும் நன்றி. வரும் வெள்ளிக்கிழமை இரவு அவளுக்கு இரயில். அந்தப் பயணம் முழுவதும் அவளோடு இரும்.