மூணு மணிக்கே ஊசி போட்டுடலாமா?

"டாக்டர்ம்மா, காலையில நாலு மணிக்குக் கிளம்பறோம். ஏழு மணி ஊசியை மூணு மணிக்கே போட்டுடலாமா?"

கிளினிக்கை மூடப்போகிற நேரத்தில் சுப்புவின் அம்மா கேட்டார். சுப்பு ஒன்பது வயது ஆரஞ்சுப் பூனை, சர்க்கரை நோய்க்குத் தினம் இரண்டு வேளை இன்சுலின் ஊசி. வைகாசியில் பேரனுக்குக் காதுகுத்து, திருநெல்வேலிப் பக்கம் குலதெய்வக் கோவிலில். சென்னையிலிருந்து காரில் கிட்டத்தட்ட அறுநூற்றிருபது கிலோமீட்டர். பயணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அம்மாவின் வீட்டுக்காரர், சார், பேங்கில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் முன்கூட்டியே முடித்துவைத்தால்தான் தூங்குவார். பூனையை யாரிடமாவது விட்டுவிட்டுப் போகலாமே என்று கேட்டுப் பார்த்தேன். ஊசி போடத் தெரிந்தவர்கள் யாரும் கிடைக்கவில்லையாம். அம்மா சொன்ன விதத்தைப் பார்த்தால், பெரிதாகத் தேடவும் இல்லை.

சுப்புவுக்குச் சர்க்கரை என்பதைக் கண்டுபிடித்தது எறும்புகள். பால்கனியில் அவன் மூத்திரம் போகும் மணல் தட்டில் ஒருநாள் கட்டெறும்பு வரிசை கட்டியிருந்தது. அம்மா மண்ணெண்ணெய் தெளித்து விரட்டினார், மறுநாளும் வந்தது. அதற்குள் அவன் பாத்ரூம் பக்கெட்டில் தலையை விட்டுத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்திருந்தான். ஆறு கிலோவுக்கு மேல் இருந்தவன் ஐந்துக்கும் கீழே வந்திருந்தான். என் மேஜையில் நடக்கவிட்டபோது, பின்னங்கால் குதிகால் தரையில் பட, முயல் மாதிரி நடந்தான். பூனைக்குச் சர்க்கரை அதிகமாகி நரம்பைத் தொட்டால் இப்படித்தான் நடக்கும். ஒன்பது வருடமாகப் பால்சாதமும் தயிர்சாதமும், சாயங்காலம் சாருடைய டீயோடு பிஸ்கெட்டும். நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுப் பூனையும் அப்படித்தான் வளர்ந்தது.

இப்போது கிளார்ஜின் என்ற, மெதுவாக நெடுநேரம் வேலை செய்யும் இன்சுலின், காலை ஏழுக்கு இரண்டு யூனிட், ராத்திரி ஏழுக்கு இரண்டு யூனிட். சாதம் போய் மீனும் கோழியும் வந்துவிட்டன. நடை பாதி சரியாகியிருக்கிறது.

மூன்று மணிக்கு ஊசி போட முடியாது. முந்தின ராத்திரி ஏழுக்குப் போட்டது எட்டு மணி நேரத்தில் இன்னும் உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருக்கும். அதன்மேல் இன்னொன்று ஏறினால் இரண்டும் சேர்ந்து சர்க்கரையை எங்கே இறக்கும் என்று சொல்ல முடியாது. அதைச் சொன்னதும் சார், "அப்போ கிளம்பறதை ஏழரைக்குத் தள்ளிடறோம். வீட்லயே சாப்பாடு, ஊசி எல்லாம் முடிச்சுட்டு எப்பவும் போல..." என்றார்.

அந்த 'எப்பவும் போல' எனக்கு ஒரு பழைய கடன்.

படிப்பு முடித்த இரண்டாவது வருடம், திருச்சியில் ஒரு மூத்த டாக்டரிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குடும்பம் சர்க்கரைப் பூனையோடு கொடைக்கானல் கிளம்பியது. முந்தின நாள் கிளினிக்குக்கு வந்து, "நாளைக்கு ஊசி எப்படிம்மா?" என்று கேட்டார்கள். "எப்பவும் போல போடுங்க" என்றேன். அன்று கூட்டம் அதிகம், ஒரு நாய்க்குப் பிரசவம் வேறு நடந்துகொண்டிருந்தது. ஆனால் அது காரணமில்லை. எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். காலை ஆறு மணிக்குப் பூனை வயிறாரச் சாப்பிட்டது, ஊசியும் போட்டார்கள். அந்தக் காலத்தில் நாங்கள் அதிகம் கொடுத்தது மனிதர்களுக்கான என்.பி.எச். இன்சுலின். பூனையின் உடம்பில் சீக்கிரமே உச்சத்துக்குப் போய் வேகமாகச் சர்க்கரையை இறக்கும். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் மூன்றாவது வளைவிலேயே சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிட்டது. சாப்பாடு வெளியே, ஊசி உள்ளே. பதினோரு மணிக்குப் போன் வந்தது. "தலை நிக்கலை டாக்டர். கழுத்து தொங்குது. கண்ணு எங்கேயோ பாக்குது."

தேன் இருக்கிறதா என்றேன். இல்லை. குளுக்கோஸ்? இல்லை. பக்கத்தில் என்ன இருக்கிறது என்றால் ஒரு டீக்கடை. கடைக்காரர் காகிதத்தில் ஒரு பிடி சர்க்கரை கொடுத்திருக்கிறார். நாலு சொட்டு வெந்நீரில் பாகு மாதிரி குழைத்து, விரலால் ஈறில் தடவச் சொன்னேன். "வாயில ஊத்தாதீங்க, புரையேறிடும். பல்லுக்கு நடுவுல விரலை விடாதீங்க, வலிப்பு வந்தா கடிச்சிரும்." இருபது நிமிடம் நான் போனை வைக்கவில்லை. பூனை தலையைத் தூக்கியது என்று அவர்கள் சொன்ன பிறகு, மலை மேல் போக வேண்டாம், கீழே இறங்கிக் கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள் என்றேன். அங்கே டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் திரவம், ஏற்றினார்கள். பிழைத்தது. அவர்கள் என்னைத் திட்டவில்லை. திரும்பி வந்து ஒரு பொட்டலம் சாக்லேட் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதை நான் சாப்பிடவில்லை.

சரி, சுப்புவுக்கு வருவோம்.

முதலில், அவனுக்குக் கார் எப்படி ஒத்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. அதுவரை அவன் போன நீண்ட பயணம் என் கிளினிக் வரைக்கும்தான், பத்து நிமிடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊசி போடும் நேரத்துக்கு வெகு தள்ளி, கூடையில் வைத்து ஒரு மணி நேரம் சுற்றிவரச் சொன்னேன். கத்திப்பாரா மேம்பாலத்தின் சுற்றிலேயே எச்சில் ஒழுக ஆரம்பித்து, கிண்டி வருவதற்குள் வாந்தி. சார் அதை நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார். இந்த ஒரு வரி கையில் இல்லாமல் ஏழரை மணித் திட்டத்துக்குத் தலையாட்டியிருந்தால், கொடைக்கானல் கதை திண்டிவனத்தில் நடந்திருக்கும்.

அதனால் பழையபடி நாலு மணிக்கே கிளம்புவது என்று முடிவானது. இரண்டு மணிக்கு அலாரம் வைத்து வாந்தி நிறுத்தும் மாத்திரை. ஏழு மணிக்கு எங்கே இருக்கிறார்களோ அங்கே வண்டியை ஓரங்கட்டி, கதவுகளைச் சாத்தி, ஏ.சி.யை ஓடவிட்டுச் சாப்பாடு. என்ன சாப்பிட்டான் என்று பார்த்த பிறகுதான் ஊசி. வழக்கத்தில் பாதிக்குக் குறையாமல் சாப்பிட்டு, அரை மணி நேரம் அது உள்ளே தங்கினால் ஒரு யூனிட். வாயே வைக்கவில்லை என்றால் ஊசியே வேண்டாம். ராத்திரி ஊர் போய்ச் சேர்ந்து, சாப்பிட்ட பிறகு வழக்கமான இரண்டு. அந்த வாரத்தில் அளவை மாற்றும் எந்தப் பரிசோதனையும் கிடையாது. இது சுப்புவுக்கு, அவன் சுகர் நோட்டைப் பார்த்துப் போட்ட கணக்கு. பக்கத்து வீட்டுப் பூனைக்கு அப்படியே பொருந்தாது.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஒரு வேளை ஊசி விட்டா ஏறிடாதா?" ஏறும். ஒரு வேளை ஏறினால் நிறையத் தண்ணீர் குடிப்பான், நிறைய மூத்திரம் போவான். நாள்கணக்கில் விட்டால்தான் உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் நஞ்சாகி ஆபத்து. ஆனால் இறங்கினால் ஒரு மணி நேரத்தில் வலிப்பு வரலாம். போட்ட ஊசியைத் திரும்ப உறிஞ்சி எடுக்க வழியில்லை. இதைச் சொல்லும்போது பலரும் முகத்தைச் சுளிப்பார்கள், கடமையை ஏமாற்றச் சொல்வதுபோல அவர்களுக்குப் படும். தினம் இரண்டு வேளை, கடிகாரம் பார்த்து, ஒரு நாள் தவறாமல் போடப் பழக்கியதே நாங்கள்தான். பாவம், அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

அப்புறம் சிரிஞ்ச். நம் ஊர் மருந்துக்கடையில் இரண்டு வகை இன்சுலின் சிரிஞ்ச் கிடைக்கும். சிவப்பு மூடி, ஒரு மில்லிக்கு நாற்பது யூனிட் உள்ள மருந்துக்கு. ஆரஞ்சு மூடி, நூறு யூனிட் உள்ளதற்கு. கிளார்ஜின் நூறு. அதைச் சிவப்பு மூடியில் இரண்டாவது கோடு வரை இழுத்தால் உள்ளே போவது இரண்டு அல்ல, ஐந்து. ஐந்து கிலோ பூனைக்கு அது சின்ன விஷயமில்லை. பயணத்தில்தான் இது நடக்கும். சிரிஞ்ச் வீட்டிலேயே தங்கிவிடும், வழியில் ஏதோ ஒரு கடையில் "இன்சுலின் சிரிஞ்ச் கொடுங்க" என்பார்கள், கையில் எது இருக்கிறதோ அது வரும். அதனால் பத்து ஆரஞ்சு மூடிகளை எண்ணி, பாதியைக் கைப்பையிலும் பாதியை டிக்கியிலும் வைக்கச் சொன்னேன். சார் ஒரு ஆரஞ்சு மூடியைத் தனியே கழற்றி, நூலில் கோத்துக் கார் சாவியோடு கட்டிக்கொண்டார். கடையில் காட்டிக் கேட்கவாம். எனக்கு அது தோன்றியதே இல்லை.

மருந்துக் குப்பிக்கு ஐஸ் பெட்டி வாங்கியிருந்தார்கள். நேராக ஐஸ் கட்டியோடு சேர்த்து வைத்தால் உறைந்துவிடும், உறைந்த இன்சுலின் இளகினாலும் உதவாது. குப்பியை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, துண்டு சுற்றி, அதை ஐஸ் பெட்டியில் வைக்கச் சொன்னேன். திறந்த குப்பி முப்பது டிகிரிக்குள் இருந்தால் நாலு வாரம் தாங்கும், ஆனால் வைகாசி வெயிலில் சாப்பாட்டுக் கடை வாசலில் நிறுத்திய காருக்குள் முப்பது டிகிரி எங்கே கிடைக்கும்? டப்பா எப்போதும் கையோடு. ஊரில் கரண்ட் போனால் மண்பானைக்குள் ஈரத்துணி சுற்றி வைக்கலாம். தண்ணீருக்குப் பானை வைத்திருக்கும் வீடு, அது அவர்களுக்குப் புதிதாகத் தெரியவில்லை.

1921இல் டொராண்டோவில் நாய்களை வைத்துக் கண்டுபிடித்த மருந்து. மனிதருக்காகத் தேடியது, நூறு வருடம் கழித்துத் துண்டு சுற்றி ஒரு பூனையோடு திருநெல்வேலிக்குப் போகிறது. அன்று ராத்திரி படுக்கும்போது இது ஞாபகம் வந்து சிரித்தேன்.

கிளம்பிய நாள் காலை ஆறு ஐம்பதுக்குப் போன். விக்கிரவாண்டி தாண்டி ஒரு புளியமரத்தடி. பின்னால் லாரிகள் போகிற சத்தம். வாந்தி இல்லை. சாப்பாட்டை முகர்ந்துவிட்டு மூன்று ஸ்பூன் மட்டும் சாப்பிட்டிருக்கிறான். வழக்கம் எட்டு. காதோரத்தில் குத்தி எடுத்த சுகர் 312.

"முந்நூத்திப் பன்னெண்டு டாக்டர்ம்மா! ரெண்டு போட்டுடவா?"

இந்த இடம்தான் கஷ்டம். 312 என்பது முழு ஊசி கேட்கிற எண். ஆனால் பூனை பயந்தாலே சர்க்கரை ஏறும். சர்க்கரை நோயே இல்லாத பூனைகூட என் மேஜையில் பிடித்துக்கொண்டால் முந்நூறைத் தொட்டுவிடும். மூன்று மணி நேரம் கூடையில் உட்கார்ந்து, லாரி ஹாரன் கேட்டுக்கொண்டு வந்தவனின் 312இல் எவ்வளவு நோய், எவ்வளவு பயம் என்று மெஷின் பிரித்துச் சொல்லாது. பயத்தில் ஏறியது, பயம் தெளிந்ததும் தானாக இறங்கும். அந்த நேரத்தில் உள்ளே ஊசியும் இருந்தால்? மூன்று ஸ்பூன் சாப்பாட்டுக்கு நாம் பேசி வைத்த கணக்கில் இடமே இல்லை. "ஊசி வேண்டாம், கிளம்புங்க" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சார் போனை வாங்கி, "எழுதிக்கிறேன்" என்றார்.

திருச்சி தாண்டி ஒருமுறை, மதுரையில் ஒருமுறை எடுத்தார்கள். 340, 296. நானும் அன்று முழுக்க ஒழுங்காக வேலை பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டும். ஒரு நாய்க்குத் தடுப்பூசி போட்டுவிட்டு அட்டையில் தேதி எழுத மறந்து, அவர்களைத் தெருவிலிருந்து திரும்பக் கூப்பிட்டேன். மூன்று மணிக்கு வீடு சேர்ந்ததும் சுப்பு கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். ராத்திரி ஏழுக்கு யாரோ சாளை மீன் வேகவைத்த வாசனைக்கு வெளியே வந்து தட்டை வழித்துச் சாப்பிட்டான். இரண்டு யூனிட்.

ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தார்கள். காதுகுத்துப் படங்களைக் காட்டினார்கள், ஒரு பொட்டலம் அல்வா கொடுத்தார்கள். திரும்பும் பயணத்தில் என்னைக் கூப்பிடவே இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது. சார் நோட்டை நீட்டினார். பேங்க் கையெழுத்து, கோடு போட்ட கட்டங்கள். சுகர் அளவுக்கு நடுவே சுங்கச்சாவடிக் காசும் டீசலும்கூட ஏறியிருந்தன. திரும்பின நாள் காலை ஏழு மணிக்கு, சாத்தூருக்குப் பக்கத்தில்: சாப்பாடு பாதி, சுகர் 190, எச்சில் ஒழுகல், ஊசி இல்லை.

பாதி சாப்பிட்டிருக்கிறான். கணக்குப்படி ஒரு யூனிட். நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"ஏன் சார் போடலை?"

"எச்சில் ஒழுகிச்சும்மா. கத்திப்பாராவுலயும் அப்படித்தான் ஆரம்பிச்சுது."

அடுத்த கட்டத்தைப் பார்த்தேன். ஏழு ஐம்பது, விருதுநகருக்கு முன்னால், வாந்தி என்று எழுதியிருந்தது.