வலப்பக்கம் ஒதுங்கிய குண்டு கடைசியில் நேரானது

நான்கு மாதமாக என்னைப் பாடாய்ப் படுத்திய விஎஸ்ஆர்-10, ஏர்சாஃப்ட் விளையாட்டில் சின்ன உருண்டைக் குண்டு சுடும் என் ஸ்னைப்பர் துப்பாக்கி, போன ஞாயிற்றுக்கிழமை நேராகச் சுட்டது. ஜப்பானின் சிபா மாகாணம் இன்சாய் பக்கத்துத் திடலில், காலை ஆட்டம் தொடங்குவதற்கு முன் சுடுதளத்தில் நின்று, 50 மீட்டரில் நிற்கும் மனித உருவத் தட்டின் மீது பத்து குண்டுகள் சுட்டேன். எட்டு பட்டன. தவறிய இரண்டும் தலைக்கு மேலே போயின, பக்கவாட்டில் ஒன்றுகூடப் போகவில்லை. அந்த எட்டு ‘டிங்’ சத்தத்துக்காக எத்தனை ராத்திரிகள் விழித்திருந்தேன் என்பது வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியும்.

முதலில் கோளாறைச் சொல்கிறேன். 35 மீட்டர் வரை குண்டு கம்பி இழுத்ததுபோலப் போகும். அதற்குப் பிறகு யாரோ விரலால் தள்ளிவிட்டதுபோல வலப்பக்கம் ஒதுங்கும். 50 மீட்டரை எட்டும்போது ஒரு முழத்துக்கு மேல் விலகியிருக்கும். எல்லாக் குண்டும் அப்படிப் போனால் ஸ்கோப்பைத் திருகிச் சரிக்கட்டிவிடலாம். பத்தில் ஆறு வலப்பக்கம், மூன்று நேராக, ஒன்று எங்கே போனது என்றே தெரியாது என்றால் எதைத் திருகுவது?

குண்டின் முதுகை ரப்பரால் உரசி அதற்குப் பின்சுழற்சி கொடுக்கும் பகுதிதான் ஹாப்அப். ஜப்பானில் ஆடுகிறவர்களுக்கு அது ஏன் உயிர்நாடி என்று விளக்க வேண்டியதில்லை. 2006இல் திருத்திய சட்டப்படி குண்டின் ஆற்றலுக்கு, அதன் குறுக்குவெட்டில் சதுர சென்டிமீட்டருக்கு 3.5 ஜூல்தான் எல்லை. 6 மில்லிமீட்டர் குண்டுக்கு அது 0.989 ஜூல். பிரிட்டனில் ஒற்றைச் சூட்டுக்கு 2.5 ஜூல் வரை சட்டமே இடம் தருகிறது. அங்கே ஸ்னைப்பர் என்றால் தூரத்திலும் ஒரு படி மேல். இங்கே என் துப்பாக்கிக்கும் எதிரே வருகிற மின்சாரத் துப்பாக்கிக்கும் ஒரே எல்லைதான். ஸ்ப்ரிங்கைக் கனமாக்கும் வழி அடைபட்டுவிட்டதால், தூரமும் துல்லியமும் குண்டின் சுழற்சியிலிருந்துதான் வர வேண்டும். எனக்கு இது பிடித்திருக்கிறது. பணத்தைக் கொட்டி வேகம் வாங்க முடியாத இடத்தில் கைவேலைக்கு மதிப்பு இருக்கிறது.

என் குண்டு 0.28 கிராம், கிளம்பும் வேகம் நொடிக்கு 78 மீட்டர். காற்றின் தடையைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் 50 மீட்டர் போக ஏறக்குறைய 1.4 நொடி ஆகிறது. போய்ச் சேரும்போது வேகம் கால் பங்காகக் குறைந்திருக்கும். அந்த 1.4 நொடியில் புவியீர்ப்பு குண்டை 9 மீட்டருக்கு மேல் கீழே இழுத்திருக்க வேண்டும். அத்தனையையும் தாங்கிப் பிடிப்பது பின்சுழற்சி தரும் தூக்கல். சுழலும் அச்சு மூன்று பாகை சாய்ந்தால் போதும், அந்தத் தூக்கலில் இருபதில் ஒரு பங்கு பக்கவாட்டில் திரும்பி, 50 மீட்டரில் அரை மீட்டர் விலக்கிவிடும். நல்ல ஆஃப் ஸ்பின்னரின் பந்து தரையில் படும் முன்பே காற்றில் நகருமே, அதே விசைதான் இது. நேரம் ஏற ஏற விலகலும் கூடிக்கொண்டே போவதால்தான் கோளாறு 35 மீட்டருக்குப் பிறகு கண்ணுக்குத் தெரிகிறது. வீட்டுக் கூடத்தில் 5 மீட்டரில் காகிதத்தைச் சுட்டுக் குண்டுகள் எவ்வளவு நெருக்கமாகப் படுகின்றன என்று பார்ப்பது இதற்கு எந்தப் பயனும் தராது. அதில் எனக்கு ஒரு மாதம் வீணானது.

ஆக, எனக்கு மூன்று பாகைச் சாய்வு எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது.

ஹாப் ரப்பரை இரண்டு முறை மாற்றினேன், 60 பாகைக் கடினம் ஒன்று, 70 ஒன்று. உள்குழாயை ஆல்கஹாலில் துடைத்தேன். ஸ்கோப்பைக் கழற்றித் திரும்ப மாட்டினேன். விலகல் அசையவே இல்லை. எங்கள் அணியில் கோவைக்காரர் ஒருவர் இருக்கிறார். ஊரில் கடைசல் பட்டறையில் தொழில் கற்று, இப்போது டோக்கியோவின் ஓட்டா வட்டாரத்தில் ஒரு சின்ன உதிரிபாகப் பட்டறையில் வேலை பார்க்கிறார். நாங்கள் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். நான் மறுபடியும் ரப்பர் வாங்கப் போகிறேன் என்றதும், “தம்பி, துப்பாக்கியைக் கழற்றியது போதும். முதலில் குண்டை எடை போட்டுப் பார்” என்றார்.

நூறு குண்டை எண்ணி 0.01 கிராம் தராசில் வைத்தேன். 28 கிராம் காட்ட வேண்டியது 28.6 காட்டியது. ஜூன் மாதம் வாங்கிப் பிரித்து, மழைக்காலம் முழுக்க அலமாரியில் திறந்தே கிடந்த பயோ குண்டு, அதாவது மண்ணில் மட்கிப்போகும் குண்டு அது. பெரும்பாலான வெளித் திடல்களில் பயோ மட்டும்தான் அனுமதி. மட்கும் பொருள் ஈரம் குடிக்கத்தான் செய்யும். அதை ஒரு கிலோ பையாக மலிவாகத் தள்ளிவிடுகிற கடைக்காரர் பையில் தேதியாவது போட்டிருக்கலாம். இப்போதெல்லாம் சின்னப் பையாக வாங்கி, பிரித்ததும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் இறுக மூடிவிடுகிறேன். விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் குழாயில் ஊதிப்போன குண்டு சிக்கி ஒரு ஆட்டம் முழுக்க உட்கார்ந்திருப்பதைவிட அது மேல். புதுக் குண்டு போட்டதும், எங்கே போனது என்று தெரியாத அந்த ஒற்றைக் குண்டு ஒழிந்தது. ஆனால் வலப்பக்க விலகல் அப்படியே இருந்தது.

அடுத்து சேம்பரை, அதாவது சுடும் முன் குண்டு வந்து உட்காரும் அறையை, பிரித்து மேசை விளக்கின் கீழ் வைத்தேன். இந்தத் துப்பாக்கியில் ரப்பரை அழுத்துகிற கை ஒன்று இருக்கிறது, சுண்டுவிரல் நகம் அளவு. பக்கவாட்டு நெம்புகோலை நகர்த்தினால் அந்தக் கை கீழே இறங்கி ரப்பரின் முதுகை அழுத்தும், ரப்பர் குண்டின் முதுகை உரசும். கையை இடுக்கியால் பிடித்து ஆட்டினேன். இடமும் வலமுமாக ஆடியது. ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்ததில் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி. நெம்புகோல் ஒரு பக்கத்திலிருந்து தள்ளுவதால் கை நேராக இறங்குவதில்லை, ஒருக்களித்து இறங்குகிறது. ரப்பரின் ஒரு ஓரம் அதிகம் அழுந்துகிறது. குழாயின் பின்பக்கமிருந்து விளக்கொளியைப் பாய்ச்சி முன்பக்கமிருந்து எட்டிப் பார்த்தேன். உச்சியில் பிறைபோல் தெரிய வேண்டிய ரப்பரின் நிழல் ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்து, கோணல் சிரிப்புபோல இருந்தது. அன்று இரவு இரண்டு மணிக்கு அண்ணாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.

தீர்வு இரண்டு பகுதி. முதலாவது டேப். நூறு யென் கடை அலுமினிய டேப், பசையோடு சேர்த்து 0.1 மில்லிமீட்டர் கனம். கையின் இரு கன்னங்களிலும் ஒவ்வொன்று. இதைச் சொல்வது எளிது. 3 மில்லிமீட்டர் அகலத் துண்டைக் கத்தியால் வெட்டும்போது ஓரம் சுருண்டு கொள்ளும். சுருண்ட ஓரமே 0.05 எடுத்துக்கொள்கிறது. கண்ணாடித் தட்டின் மீது டேப்பை ஒட்டி, புது பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டி, நகத்தால் தேய்த்துத் தட்டையாக்கிய பிறகுதான் சரியாக உட்கார்ந்தது. ஒட்டும் முன் அந்த அழுத்தும் கையை ஆல்கஹாலில் துடைக்க வேண்டும். பழைய சிலிக்கோன் எண்ணெய் துளி இருந்தாலும் டேப் இரண்டு நாளில் நழுவிவிடும். இரண்டு பக்கமும் ஒட்டியதும் மீதி இடைவெளி 0.1. கை தன் எடையிலேயே விழ வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. ஏழாவது முயற்சியில் அப்படி விழுந்தது.

இரண்டாவது, நெம்புகோலையே தூக்கிப் போட்டுவிட்டு, கைக்கு நேர் மேலே திருகு வைத்து அழுத்துவது. விஎஸ்ஆர் வைத்திருப்பவர்கள் பலர் செய்கிற வேலைதான், நான்தான் வெளிக்குழாயில் துளை போட மனம் வராமல் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணாவின் முதலாளி சனிக்கிழமை மாலை பட்டறையில் ஒரு மணி நேரம் இடம் கொடுத்தார். உள்குழாய், சேம்பர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் வெளிக்குழாயை வி-பிளாக்கில் படுக்க வைத்து, உச்சிக் கோட்டை மட்டப் பலகையால் மூன்று முறை சரிபார்த்தார். சென்டர் பஞ்ச் வைத்து ஒரே தட்டு. 2.5 மில்லிமீட்டர் துளை, அதில் 3 மில்லிமீட்டர் திருகுக்கான எம்3 மரை. மரை வெட்டும்போது அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று துருவலை உடைத்து உடைத்து இறக்கினார். அவர் கையில் இருந்த நிதானத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். திருகின் நுனி பிளாஸ்டிக் கையைக் குதறாமல் இருக்க அதை அரத்தால் உருட்டிக் கொடுத்தார். மரையில் ஒரு சுற்று டெஃப்ளான் டேப், அதிர்ச்சியில் கழலாது.

இந்தத் திருகுதான் இப்போது என் செல்லம். எம்3 மரையில் ஒரு முழுச் சுற்று 0.5 மில்லிமீட்டர் இறங்கும். எட்டில் ஒரு சுற்று என்றால் 0.06 சொச்சம். நெம்புகோலில் இந்த நுணுக்கம் கனவிலும் கிடைக்காது. 1.5 மில்லிமீட்டர் அறுகோணச் சாவியின் வால் கடிகார முள் மாதிரி. பன்னிரண்டு மணியில் தொடங்கி, ஒன்றரை மணிக்குத் திருப்பி மூன்று குண்டு, மூன்று மணிக்குத் திருப்பி மூன்று குண்டு. நான்கரை மணி நிலையில் குண்டு கடைசிப் பத்து மீட்டரில் மிக லேசாக எழும்பி உடனே அடங்கியது. ஆறு மணியில் முப்பது மீட்டரிலேயே வானத்துக்கு ஏறியது, இங்கே இதை ஓனி ஹாப், அதாவது பேய் ஹாப் என்பார்கள். நான்கு மணியில் நிறுத்தினேன். வெயில் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் வெள்ளைக் குண்டு முழுப் பாதையிலும் மின்னிக்கொண்டே போனது. இடமும் இல்லை, வலமும் இல்லை.

ஹாப் மாற்றினால் வேகமும் மாறும் என்பதால் வேகமானியில் மறுபடி அளந்தேன். 0.2 கிராமில் 92, 0.28இல் 78. இரண்டுமே 0.85 ஜூல் அருகில்தான். திடல்காரர் எப்படியும் காலையில் ஒவ்வொரு துப்பாக்கியையும் அளப்பார். ஆனாலும் கனமான குண்டில் ஜூல் ஏறுகிறதா என்று நாமே பார்த்துக்கொள்வது நல்லது.

ஆட்டத்துக்கு வருகிறேன். கொடி ஆட்டம், பத்து நிமிடம், நாங்கள் மஞ்சள். எங்கள் அணியின் மூத்தவர் மாருயி நிறுவனத்தின் முதல் மின்சாரத் துப்பாக்கியான 1991ஆம் ஆண்டு ஃபாமாஸை இன்னும் கொண்டுவருகிறார், அதன் சத்தம் கேட்டால் எதிரணி முழுக்க அந்தப் பக்கம் திரும்பும். அதைத்தான் பயன்படுத்தினோம். அவர் இடப்பக்க மூங்கில் வரிசையில் சுட்டுக்கொண்டே நகர, நான் வலப்பக்கச் சரிவில் படுத்தேன். தூரத்தில் மேன்மை இல்லாத நாட்டில் ஸ்னைப்பருக்குக் கிடைப்பது அமைதி மட்டும்தான். ஒரு குண்டு, பிறகு இடம் மாறு, மறுபடி ஒரு குண்டு. முப்பது குண்டு மேகசினில் ஒரு ஆட்டத்துக்கு ஆறுக்கு மேல் நான் செலவழிப்பதில்லை.

கொடிக்கு முன் பலகைத் தடுப்பு. அதன் வலது ஓரத்தில் ஒரு தோள் மட்டும் தெரிந்தது, உள்ளங்கை அகலம். 45 மீட்டருக்குக் குறையாது. பழைய ஹாப்பாக இருந்தால் சுட்டிருக்கவே மாட்டேன். சுட்டேன். குண்டு போவதை ஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே இருந்தேன், அந்த ஒன்றேகால் நொடி நீளமானது. தோள் சட்டென்று அசைந்தது. “ஹிட்!” என்ற குரல் காடு முழுக்கக் கேட்டது. கையை உயர்த்தியபடி வெளியே நடந்து போனார். சத்தமே இல்லாமல் தோள் துணியில் பட்ட ஒரு குண்டை அவர் ஒருவர்தான் அறிவார், அதை அப்படி உரக்கச் சொல்கிறார். இந்த ஆட்டத்தின் மீது எனக்குள்ள மரியாதையெல்லாம் அந்தக் குரலில் இருக்கிறது. மதியம் கறி சோறு வரிசையில் என்னைத் தேடி வந்து எங்கிருந்து சுட்டாய் என்று கேட்டார். சரிவைக் காட்டினேன். திருகையும் காட்டினேன். அரை மணி நேரம் ஹாப் பேசினோம். அவர் நாககாகே ஹாப் ஆள், ரப்பர் நீளமாகக் குண்டைத் தொட வேண்டும் என்கிறார். கையின் அடிப்பக்கத்தைத் தட்டையாக்கி அதையும் செய்து பார்க்கச் சொன்னார். கை நிறையக் குறிப்புகளோடு வந்திருக்கிறேன்.

டோக்கியோவின் நிஷிகசாயிலிருந்து இந்தத் திடலுக்கு வருகிறவர்களுக்கு ஒரு தகவல். நிஷிஃபுனாபாஷி, ஹிகாஷிமட்சுடோ என்று இரண்டு இடத்தில் மாறி ஹொகுசோ ரயிலில் வந்துவிடலாம், துப்பாக்கி முழுக்க மூடிய பையில் இருக்க வேண்டும். 2022 அக்டோபரில் கட்டணத்தைக் குறைத்த பிறகுதான் மாதம் இரண்டு முறை வர எனக்குக் கட்டுப்படியாகிறது. போசோ தீபகற்பத்தின் தெற்கு மலைப்பக்கத் திடல்களுக்கு அழைத்தால் அட்டைப்பூச்சிக்கு உப்புத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பரில் குளிர் வந்ததும் 60 பாகை ரப்பர் இறுகிவிடும், 50 ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அதற்கு முன், உள்குழாய் வெளிக்குழாய்க்குள் முனையில் இன்னும் லேசாகத் தட்டுகிறது. தலைக்கு மேலே போன அந்த இரண்டு குண்டுக்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மூன்று இடத்தில் டேப் சுற்ற வேண்டும். முதல் சுற்று இன்றிரவு.