கரண்ட் போன சனிக்கிழமை

2025 அக்டோபரில், செபமாலை மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை. மியான்மரில், யாங்கோனில், எங்கள் கத்தோலிக்கக் கோயில் மறைக்கல்வி அறையில் பதினொரு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் பதிமூன்றிலிருந்து பதினேழு வயதுக்குள் இருக்கும். கடவுளின் அன்பை எப்போது உணர்ந்தீர்கள் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். வெளிச்சம் இருந்தவரை ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு பையன் மட்டும் இத்தாலியச் சிறுவன் கார்லோ அக்குத்திஸைப் பற்றி ஆரம்பித்தான். செப்டம்பர் 7ஆம் தேதிதான் திருத்தந்தை 14ஆம் லியோ அவரைப் புனிதராக அறிவித்திருந்தார். ஜீன்ஸும் ஷூவும் போட்ட அந்தப் புனிதரின் படம் இவன் போன் கவரிலேயே இருக்கிறது. "பதினஞ்சு வயசுலயே ரத்தப் புற்றுநோயில செத்துப்போனாரு அக்கா, கம்ப்யூட்டர் நல்லாத் தெரிஞ்சவரு" என்றான். நான் அவசரப்பட்டு, "புனிதர் கதை இருக்கட்டும்ப்பா, உன் கதையைச் சொல்லு" என்றேன். அவன் வாயை மூடிக்கொண்டான். அவன் தன் கதைக்குள் வருவதற்கு அதுதான் வாசல் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

ஆறரைக்குக் கரண்ட் போனது. காலி பால் டின்னைக் கவிழ்த்து அதன் மேல் மெழுகுவர்த்தியை ஒட்டி வைத்தோம். முகம் பாதிதான் தெரிந்தது. அப்புறம்தான் பேச்சு வந்தது, பாதி தமிழில், பாதி பர்மியில்.

முதலில் பேசியது ஒரு பதினைந்து வயதுப் பெண். தன் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, எழுதிக்கொடுத்த நோட்டைக் கையில் வைத்திருந்தாள். இவளுக்குத் தமிழ் எழுத்து வராது. அதனால் இவள் முதல் தடவை நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு முன்னால் அப்பாயி எல்லாச் செபங்களையும் பர்மிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். தமிழ் 'ழ'வுக்கு அந்த எழுத்தில் இடம் கிடையாது. 'அருள் நிறைந்த மரியே வாழ்க' என்ற வரியில் அந்த இடம் வரும்போது, பக்கத்து எழுத்து ஒன்றைப் போட்டு, அதன் தலையில் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைத்திருந்தார். புள்ளி வந்தால் நாக்கை மடிக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

அந்த அப்பாயியை எனக்கு நன்றாகத் தெரியும். 2017 நவம்பர் 29 அன்று சாய்க்கசான் மைதானத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் பூசை வைத்தபோது என் பக்கத்தில்தான் இருந்தார். மடியில் இந்தப் பெண், ஏழு வயது, தூங்கிவிட்டாள். ஒன்றரை லட்சம் பேர் கூடியிருந்த இடம். நூற்றுக்கு ஒருவர் கணக்கில் கத்தோலிக்கர் இருக்கிற நாட்டில் அப்படி ஒரு கூட்டத்தை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. மன்றாட்டுகளை ஷான், சின், கரேன், கச்சின் என்று சொல்லிக்கொண்டே வந்து, தமிழிலும் சொன்னார்கள். அப்பாயி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நம்ம பேச்சு போப்பாண்டவர் காதுல விழுந்துருச்சு, தாயி."

அவர் போன வருஷம் இறந்துபோனார். அந்த ராத்திரியைத்தான் பேத்தி சொன்னாள்.

"அப்பாயிக்கு மூச்சு இழுத்துக்கிட்டிருந்துச்சு அக்கா. எல்லாரும் சுத்தி உட்கார்ந்து செபமாலை சொன்னோம். திரும்பத் திரும்ப 'இப்பொழுதும் எங்கள் இறப்பின் வேளையிலும்'னு வருதுல்ல, அதுக்கு அர்த்தம் என்னன்னு அத்தைகிட்ட பர்மியில கேட்டேன். அத்தை அழுதுக்கிட்டே சொன்னாங்க. அஞ்சு வருஷமா தினமும் நான் இந்த ராத்திரிக்காகத்தான் கேட்டிருக்கேன், எனக்கே தெரியாம. மாதா அவசரமா வந்த மாதிரி இல்ல. முன்னாடியே வந்து அப்பாயி தலைமாட்டுல உட்கார்ந்திருந்த மாதிரி இருந்துச்சு."

யாரும் எதுவும் சொல்லவில்லை. மெழுகு உருகி டின்னின் ஓரத்தில் வழிந்தது.

சாட்சி சொல்லுங்கள் என்று கேட்கும்போது பெரியவர்களாகிய நாம் நோய் தீர்ந்ததையும் பரீட்சையில் பாஸானதையும் எதிர்பார்க்கிறோம். இந்தப் பெண்ணின் கதையில் நோய் தீரவில்லை. ஆனாலும் ஆண்டவர் அவளை நேசிக்கிறார் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. நான் இருபது வருஷம் பூசைப் பாடல் பாடியும் அந்த வரியை அவள் கேட்டமாதிரி ஒருநாளும் கேட்டதில்லை.

அப்புறம் கார்லோ பையன் தானாகவே தொடங்கினான். 2024 பிப்ரவரியில் இங்குள்ள இராணுவ அரசு கட்டாய இராணுவச் சேவைச் சட்டத்தை அமல்படுத்துவதாக அறிவித்ததும் அவன் அண்ணன் தாய்லாந்துக்குப் போய்விட்டான். இவன் கோபத்தில், பூசையில் கொடுக்கிற அப்பமான நற்கருணை வாங்குவதையே நிறுத்தியிருக்கிறான். பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொன்னபோது சாமியார் திட்டவில்லையாம். பைபிளில் 13ஆம் திருப்பாடலைப் படிக்கச் சொன்னாராம். இன்னும் எத்தனை நாள் என்னை மறந்திருப்பீர் என்று கடவுளிடமே கேட்கிற பாடல் அது.

"பைபிள்லயே இப்படிக் கேட்டிருக்காங்கன்னா, நானும் கேக்கலாம்ல அக்கா?"

"கேளுப்பா" என்றேன். "தினமும் கேளு."

அவன் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். அண்ணன் திரும்பவில்லை. ஆனால் இப்போது இவன் நற்கருணை வாங்குகிறான்.

மற்றவர்கள் சுருக்கமாகச் சொன்னார்கள். இரண்டு பேர் பேசவே இல்லை, நானும் வற்புறுத்தவில்லை. முடிவில் செபம் சொல்ல எங்களில் சின்னவனிடம் அந்த நோட்டைக் கொடுத்தாள் அவள். மெழுகுவர்த்திப் பக்கம் குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தான். சிவப்புப் புள்ளி வந்த இடத்தில் அவள் அவன் முழங்கையை லேசாகத் தொட்டாள். அவன் நின்று, நாக்கை மடித்து, "வாழ்க" என்றான்.

நோட்டின் முதல் பக்கம் மடிப்பில் கிழிய ஆரம்பித்திருக்கிறது. வருகிற சனிக்கிழமை பதினொரு பேரும் ஆளுக்கு ஒரு நோட்டில் படியெடுக்கப் போகிறார்கள். சிவப்புப் பேனா நான் வாங்கி வைத்திருக்கிறேன்.