பின்பக்க டெக்: சம்ப் மூடிக்காக 8 இஞ்ச் நகர்ந்த பிளான்

ஒரு மாசமா கிராஃப் பேப்பர்ல போட்டு அழிச்சு போட்டுட்டிருந்த டெக் (வீட்டை ஒட்டிப் போடற பலகைத் தளம்) பிளான் நேத்து ராத்திரி ஒருவழியா உக்காந்துடுச்சு, அந்த சந்தோஷத்துல தான் எழுதறேன். பெங்களூர் பானஸ்வாடி வீடு, பின்பக்கம் 12க்கு 10 அடி, கீழ பலகையைத் தாங்க 4க்கு 2 இஞ்ச் இரும்பு பாக்ஸ் பைப் ஜாயிஸ்ட், நடுவுலேந்து நடுவுக்கு 16 இஞ்ச், மேல 140 எம்.எம். அகலப் பலகை.

படுத்தி எடுத்தது சம்ப், அதாவது தரைக்கடியில இருக்கற தண்ணித் தொட்டி தான். இந்த ஊர்ல சம்ப் இல்லாம குடித்தனம் நடக்குமா, எங்களுக்கு அது கரெக்டா டெக் வர்ற இடத்துல, மூடி 2க்கு 2 அடி. இரும்பு வேலை செய்யற ஃபேப்ரிகேட்டர் ஒருத்தர் வந்து பாத்துட்டு "மேலயே பலகை அடிச்சுடலாம் சார், க்ளீன் பண்றப்ப ஸ்க்ரூ கழட்டிக்கலாம்"னாரு. எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. நாலு தடவ கழட்டி மாட்டினா மரத்துல ஓட்டை லூஸ் ஆயிடும், அப்பறம் ஸ்க்ரூ எதைப் பிடிக்கும்? குடிக்கற தண்ணி விஷயம், திறக்க கஷ்டமா இருந்தா யாருமே திறந்து பாக்க மாட்டாங்க.

அதனால தூக்கற மாதிரி கதவு. மூடி டெக்குக்கு சரியா நடுவுல வந்தா அழகுன்னு டெக் ஓரத்துலேந்து 72வது இஞ்ச்ல வெச்சு வரைஞ்சிருந்தேன், அங்க தான் மாட்டினேன். ஜாயிஸ்ட் 64லயும் 80லயும் வருது, மூடி 60லேந்து 84 வரைக்கும், அப்ப ரெண்டு ஜாயிஸ்டையுமே வெட்டணும், வெட்டினா 46 இஞ்சுக்கு கீழ தாங்க ஒண்ணுமில்ல. மொத்த டெக்கையும் 8 இஞ்ச் தள்ளினேன், மூடி சென்டர் நேரா 64வது இஞ்ச் ஜாயிஸ்ட் மேல விழுந்துச்சு. இப்ப அந்த ஒண்ண மட்டும் வெட்டி ரெண்டு பக்கமும் குறுக்குப் பைப் வெல்டிங், 30 இஞ்ச் கிளியர், மூடிக்கு ரெண்டு பக்கமும் 3 இஞ்ச் இடம்! மூடி ஜாயிஸ்ட் மேலயே வரணும்ங்கறது எனக்கு தோணவே ரெண்டு வாரம் ஆச்சு.

இன்னொரு திசைல கதவுக்கு 5 பலகை, நடுவுல 5 எம்.எம். கேப், மொத்தம் 720 எம்.எம்., அதுவும் பொருந்துது. ஒரே துண்டா செஞ்சா என் அம்மாவால தூக்க முடியாது, அதனால மூணு பலகை ஒண்ணு, ரெண்டு பலகை ஒண்ணுன்னு பிரிச்சிருக்கேன். கேப் வழியா அழுக்குத் தண்ணி கீழ விழும், அதுக்காக மூடியைச் சுத்தி 4 இஞ்ச் திண்டு கட்டி ரப்பர் பீடிங்.

சம்ப் கூரை மேல ஒரு கிலோ பாரம் கூட இறக்கல. சம்ப் அகலம் 5 அடி, ஜாயிஸ்டைத் தாங்கற ரெண்டு பீமுக்கும் நடுவுல 8 அடி, தூணுக்குப் பக்கத்துக்கு நாலு குழியா எட்டு குழி, எல்லாமே சம்ப் சுவத்துலேந்து ஒன்றரை அடி தள்ளி.

மரத்துக்கு மைசூர் ரோடு டிம்பர் யார்டு லேஅவுட் ஒரு நாள் பூரா சுத்தினேன். ஹொன்னேன்னு கேளுங்க, நம்ம வேங்கை தான் அது. தேக்கு விலை கேட்டு திரும்பிட்டேன். ஈரப்பதம் பாக்கற மீட்டர் கைல எடுத்துட்டுப் போங்க, நான் போகாம விட்டது தப்பு.

பெர்கோலாவுக்கும் (டெக் மேல பந்தல்) படம் போட ஆரம்பிச்சுட்டேன், சங்குப்பூ கொடி ஏத்தணும்னு ஆசை. நூல் கட்டி மூலமட்டம் பாத்தாச்சு, மூலைக்கு மூலை ரெண்டு பக்கமும் 15 அடி ஏழரை இஞ்ச். ஆறு குழி தோண்டியாச்சு, மிச்சம் ரெண்டும் தண்ணி பைப் போற பக்கம், அத ஞாயித்துக்கிழம நானே கைப்பாரைல மெதுவா தோண்டப் போறேன்.