எட்டாவது தோலில் செத்துப்போன புரோகிராம்

ராணிப்பேட்டை பக்கம் ஒரு தோல் கம்பெனிக்குச் சின்னதாக ஒரு பில்லிங் புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், சி மொழியில். பதப்படுத்தி முடித்த தோலை அங்கே எடை போட்டு விற்பதில்லை, சதுர அடிக் கணக்குதான். ஆட்டுத்தோல் ஒன்று அளக்கும் மெஷினுக்குள் போய் வெளியே வருவதற்குள் 4.75, 5.25 என்று ஒரு எண் விழும், அதை ஒருவர் தோலின் பின்பக்கம் குறிக்க, இன்னொருவர் நோட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார். "அந்த நம்பர் நேரா கம்ப்யூட்டர்ல விழணும் தம்பி, அவ்ளோதான்" என்றார் முதலாளி. அவ்வளவுதானாம்.

மெஷின் விற்றவர்கள் கொடுத்தது ஒரு டிஎல்எல் ஃபைலும் (மற்ற புரோகிராம்கள் கூப்பிட்டுப் பயன்படுத்தும் ஃபங்ஷன்கள் அடங்கியது) ஒரு ஜெராக்ஸ் தாளும். அந்த ஃபங்ஷன்களைக் கம்பைலருக்கு அறிமுகம் செய்யும் ஹெடர் கிடையாது, புரோகிராமை டிஎல்எல்லோடு இணைக்கும் லிப் ஃபைல் கிடையாது. தாளில் ஃபங்ஷன் பெயர், போர்ட் எண்ணுக்கு ஒரு இன்ட் (முழு எண்), விடை வந்து விழ ஒரு டபுளின் (தசம எண்) இடத்தைக் காட்டும் பாயின்டர், முடிந்தது. லிப் இருந்திருந்தாலும் நான் அதோடு லிங்க் செய்திருக்க மாட்டேன். அப்படிச் செய்தால் டிஎல்எல் இல்லாத ஆபீஸ் கம்ப்யூட்டரில் புரோகிராம் திறக்கவே திறக்காது, பில் போடுகிறவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதனால் புரோகிராம் ஓடும்போது டிஎல்எல்லை ஏற்ற லோட்லைப்ரரி, அப்புறம் அதற்குள் ஃபங்ஷனைத் தேட கெட்ப்ராக்அட்ரஸ், கிடைக்கும் முகவரியை ஃபங்ஷன் பாயின்டராக மாற்றிக் கூப்பிடுவது. லினக்ஸ்காரர்களுக்கு டிஎல்ஓப்பன், டிஎல்சிம் என்றால் புரியும், அதே வேலைதான்.

முதலில் வந்தது விண்டோஸின் 193-ம் நம்பர் எர்ரர். இது எளிது: நான் 64 பிட்டில் பில்ட் செய்திருந்தேன், அவர்கள் டிஎல்எல் 32 பிட். ஒரே புராசஸுக்குள் இரண்டும் சேராது. 32-க்கு மாற்றினேன்.

அடுத்தது 126, மாட்யூல் கிடைக்கவில்லை என்று. ஃபைல் கண் முன்னால் இருக்கிறது, முழு பாதையையும் கொடுத்திருக்கிறேன், ஆனாலும் இல்லை என்கிறது. மண்டபத்துக்கு மாப்பிள்ளை வந்துவிட்டார், தாலி எடுத்துவர வேண்டிய மாமா இன்னும் காட்பாடி ஜங்ஷனில் நிற்கிறார் என்கிற மாதிரிதான் இது. அந்த டிஎல்எல் தனக்குத் தேவையான இன்னொரு டிஎல்எல்லைத் தேடுகிறது, அது அங்கே இல்லை. ஆனால் எது இல்லை என்று விண்டோஸ் சொல்லாது, 126 என்று மட்டும் சொல்லும். விஷுவல் சி ரன்டைமைப் போட்டதும் சரியானது.

மூன்றாவது 127. லோட் ஆகிவிட்டது, ஆனால் தாளில் உள்ள பெயரில் ஃபங்ஷன் இல்லை. டிஎல்எல்லுக்குள் என்ன இருக்கிறது என்று காட்டும் டம்ப்பின்னை எக்ஸ்போர்ட்ஸ் ஆப்ஷனோடு ஓட்டிப் பார்த்தால், பெயருக்கு முன்னால் ஒரு அண்டர்ஸ்கோர், பின்னால் @8. சரி, அப்படியே அந்தப் பெயரைக் கொடுத்தேன், முகவரி வந்துவிட்டது, தோலும் அளந்தது. சத்துவாச்சாரிக்கு பஸ் ஏறும்போது எனக்கு நானே கை கொடுத்துக்கொண்டேன்.

மறுநாள் போன். ஏழெட்டு தோல் வரை சரியாக வருகிறதாம், அப்புறம் மொத்தக் கணக்கு தாறுமாறாகி புரோகிராம் மறைந்துவிடுகிறதாம். மே மாத வெயிலில், வேலூர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, திரும்பவும் போனேன். ஊறவைத்த தோல் வாசனைக்கு நடுவில் லேப்டாப்பை வைத்து பிழை தேடுவதற்கான டீபக் பில்டை ஓட்டினதும் முதல் தோலிலேயே ஒரு பெட்டி வந்தது: ஃபங்ஷனைக் கூப்பிட்டுத் திரும்பியபின் ஸ்டேக் பாயின்டரான ஈஎஸ்பி-யின் மதிப்பு சரியாக இல்லை. கம்பெனிக்குக் கொடுத்த ரிலீஸ் பில்டில் இந்தச் சோதனை கிடையாது, அதனால்தான் சத்தமில்லாமல் ஓடி எட்டாவது தோலில் செத்திருக்கிறது.

விஷயம் இதுதான். 32 பிட் விண்டோஸ் புரோகிராமில் ஃபங்ஷனுக்குப் போகும் ஆர்க்யுமென்ட்கள் (உள்ளே கொடுக்கும் மதிப்புகள்) ஸ்டேக் என்கிற தற்காலிக நினைவிடத்தில் ஏறுகின்றன. வேலை முடிந்ததும் அதைத் துடைப்பது யார்? சிடெக்கல் என்றால் கூப்பிட்டவர், எஸ்டிடிகால் என்றால் கூப்பிடப்பட்ட ஃபங்ஷன். பந்தியில் இலையை யார் எடுப்பது என்பது போல, முன்பே பேசிவைத்திருக்க வேண்டும். மெஷின் டிஎல்எல் எஸ்டிடிகால். ஃபங்ஷன் பாயின்டரின் வகையைச் சொல்லும் டைப்டெஃபில் நான் ஒன்றும் போடாததால் என் கம்பைலர் சிடெக்கல் என்று எடுத்துக்கொண்டது. அவர்களும் 8 பைட் எடுக்கிறார்கள், நானும் 8 பைட் எடுக்கிறேன். ஒவ்வொரு தோலுக்கும் ஸ்டேக் பாயின்டர் 8 பைட் நகர்ந்து நகர்ந்து, கடைசியில் என் சொந்த வேரியபிள்கள் இருக்கும் இடத்திலேயே அடுத்த ஆர்க்யுமென்ட்கள் போய் உட்கார்ந்திருக்கின்றன. மொத்தக் கணக்கு தாறுமாறானது அதனால்தான்.

கோபம் எதற்கென்றால், அந்த @8 முந்தின நாளே என் கண்ணில் பட்டது. முன்னால் அண்டர்ஸ்கோர், பின்னால் @ போட்டு ஒரு எண் என்றால் அது எஸ்டிடிகால் அடையாளம், எண் என்பது ஆர்க்யுமென்ட்களின் மொத்த பைட்: இன்ட்டுக்கு 4, பாயின்டருக்கு 4. நானோ அதை ஏதோ அழுக்கு மாதிரி நினைத்து, பெயரை அப்படியே காப்பி அடித்துப் போட்டுவிட்டு மேலே போயிருக்கிறேன். கெட்ப்ராக்அட்ரஸ் தருவது வெறும் முகவரி. அது எத்தனை ஆர்க்யுமென்ட் வாங்கும், யார் துடைப்பார்கள் என்று நாம் சொல்வதைத்தான் கம்பைலர் நம்பும், சரிபார்க்க அதனிடம் ஒன்றுமே இல்லை.

டைப்டெஃபில் எஸ்டிடிகால் என்று ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தேன். மத்தியானம் வரை தோல் போய்க்கொண்டே இருந்தது, மெஷினில் நிற்கும் அண்ணன் எட்டாவது தோலுக்கு மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

64 பிட் விண்டோஸ் புரோகிராமில் இந்தத் தகராறே இல்லை, வழக்கமான ஃபங்ஷன்களுக்கு ஒரே முறைதான். அதனால் மெஷின்காரர்களிடம் 64 பிட் டிஎல்எல் இருக்கிறதா என்று கேட்டு வாட்ஸ்அப்பில் போட்டேன். இரண்டு நாள் கழித்து பதில் வந்தது: அதே ஜெராக்ஸ் தாள், இந்த முறை போட்டோவாக.