'பின்வாங்கினார்' என்று ஒரு தலைப்பு

2013 ஆகஸ்ட் 31, சனிக்கிழமை. ரசாயனத் தாக்குதலுக்காகச் சிரியா மீது குண்டு வீச, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் ஒப்புதலைக் கேட்கப்போவதாக அதிபர் ஒபாமா பேசி முடித்தபோது நமக்கு நள்ளிரவு நெருங்கிவிட்டது. கடைசிப் பதிப்புக்கு நான் வைத்த தலைப்பு: 'சிரியா தாக்குதல்: ஒபாமா பின்வாங்கினார்'.

பக்கத்தைப் பார்த்த மூத்தவர் நிறுத்தினார். "தம்பி, அவர் பின்வாங்கலையே. காங்கிரஸைக் கேக்கிறார். ரெண்டும் ஒண்ணா?"

"முந்தாநாள்தான் சார் பிரிட்டன் நாடாளுமன்றத்துல இதே தாக்குதலுக்கான தீர்மானம் 285க்கு 272ன்னு தோத்துது. இவர் தோக்கத் தெரிஞ்சே கேக்கிறார்."

தலைப்பு மாறாமல் அச்சுக்குப் போனது.

என் பக்கம் சட்டம் இருந்தது என்றே இன்றும் நினைக்கிறேன். நிக்சனின் வீட்டோவை மீறி 1973இல் நிறைவேறிய போர் அதிகாரத் தீர்மானப்படி, படையை இறக்கிய 48 மணி நேரத்துக்குள் அதிபர் காங்கிரஸுக்கு அறிக்கை தர வேண்டும். ஒப்புதல் கிடைக்காவிட்டால் 60 நாளில் நிறுத்த வேண்டும். படையைப் பத்திரமாக விலக்க மேலும் 30 நாள் தரலாம். சில நாள் ஏவுகணை வீச்சு அந்தக் கெடுவைத் தொடவே தொடாது. லிபியாவில் 2011இல் 60 நாள் தாண்டியபோதும், தரைப்படை இல்லை, அமெரிக்க வீரர்களுக்கு ஆபத்து குறைவு, எனவே இது சட்டம் சொல்லும் 'மோதல்' ஆகாது என்று வாதாடியது இதே அரசுதான். அன்று கேட்காதவர் இன்று கேட்டால் வேறென்ன பெயர்?

ஆனால் அதே உரையில், தாக்குவதென்று முடிவெடுத்துவிட்டேன், காங்கிரஸ் இல்லாமலே எனக்கு அதிகாரம் உண்டு என்றும் அவர் சொன்னார். அதை மூன்றாவது பத்தியில் இறக்கியவன் நான்.

காங்கிரஸின் மேலவையான செனட்டின் வெளியுறவுக் குழுவில் தாக்குதல் தீர்மானம் 10க்கு 7 என்று தேறியது. முழு அவையில் வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. செப்டம்பர் 9 அன்று லண்டனில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கெர்ரியிடம், தாக்குதலைத் தவிர்க்க சிரிய அதிபர் அசாத் என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். ரசாயன ஆயுதங்கள் அத்தனையையும் ஒரு வாரத்தில் ஒப்படைக்கலாம், ஆனால் செய்யமாட்டார் என்றார். ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் அதைப் பிடித்துக்கொண்டார். 14ஆம் தேதி ஜெனீவாவில் உடன்பாடு. சிரியா கணக்குக் காட்டிய 1,300 டன் அடுத்த ஆண்டு நாட்டைவிட்டு வெளியேறியது. ஆகஸ்ட் 31 இரவே குண்டு போட்டிருந்தால் இது நடந்திருக்குமா? கேட்டதால் கிடைத்த பத்து நாள் அவகாசத்தில்தான் அந்த வழி திறந்தது. மிரட்டலின் பலம் அதிபரின் உறுதியில் மட்டும் இருப்பதாக நினைத்துத்தான் அந்தச் சொல்லைப் போட்டேன். ஒருவேளை அது சரியாகவும் இருக்கலாம்: மாஸ்கோ இன்னும் சில நாள் பொறுத்திருந்தால் அவையே அந்த மிரட்டலைத் தோற்கடித்திருக்கும்.

எல்லாம் ஒப்படைக்கப்படவில்லை என்று 2017 ஏப்ரலில் சிரியாவின் கான் ஷேக்கூனில் வீசப்பட்ட சரின் நச்சு வாயு காட்டியது. அப்போதைய புதிய அதிபர் டிரம்ப் காங்கிரஸைக் கேட்காமலே 59 டொமஹாக் ஏவுகணைகளை வீசினார். அந்தப் பக்கத்தையும் நான்தான் முடித்தேன். மூத்தவர் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். 'தாக்கினார்' என்ற தலைப்பைப் பார்த்து யாரும் எதுவும் கேட்கவில்லை. 'ஒப்புதல் பெறாமல்' என்று ஒரு வார்த்தை சேர்க்க எனக்கும் தோன்றவில்லை.