பத்தொன்பதே கால் அடிக் கயிறு

மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடி வெயிலில் இற்றுப்போய், சனிக்கிழமை அறுந்து விழுந்தது. எதிரெதிர் மூலையில் ரெண்டு கொக்கி. குறுக்கே டேப் பிடித்து அளந்திருந்தால் ரெண்டு நிமிஷ வேலை. ஆனால் ஞாயிறு காலை நான் எழுந்து போவதற்குள், நடு மாடி முழுக்க மாமியார் கூழ்வடாம் பிழிந்து போட்டிருந்தார். வடாத்தில் கால் வைத்தால் என்ன ஆகும் என்பதை மனைவி பார்வையாலேயே சொல்லிவிட்டாள்.

சுவரோரமாக மட்டும் அளந்தேன். நீளம் 15 அடி, அகலம் 12. எட்டாவது படிக்கும் மகளைக் கூப்பிட்டேன். பிதாகரஸ் கணக்குதான்: 15-ன் வர்க்கம் 225-ம் 12-ன் வர்க்கம் 144-ம் கூட்டினால் 369. அதன் வர்க்கமூலம்தான் மூலைக்கு மூலை தூரம்.

"முழு வர்க்கம் இல்லையேப்பா" என்று நழுவப் பார்த்தாள். விடுவேனா? 19-ஐ 19-ஆல் பெருக்கினால் 361. மிச்சம் 8. அதை 19-ன் இருமடங்கான 38-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 0.21. ஆக 19.21 அடி. போனில் சரிபார்த்தாள். 19.21-ன் வர்க்கம் 369.0241. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வடாத்துக்குக் காக்கா ஓட்டிக்கொண்டிருந்த மாமனார் குச்சியைக் கீழே வைத்தார். "எதுக்கு மாப்ள இவ்ளோ? நீளத்துல எட்டுல ஒண்ணைத் தள்ளுங்க, மீதியோட அகலத்துல பாதியைச் சேருங்க." போதையனார் என்ற பழைய புலவர் பேரில், மூலைக்கு மூலை தூரம் காண என்று வாட்ஸப்பில் சுற்றுமே, அதே கணக்கு. 13.125-ம் 6-ம் சேர்ந்து 19.125. எனக்கும் அவருக்கும் ஒரே அங்குலம்தான் வித்தியாசம். அந்த ஒரு அங்குலத்துக்கு அரைமணி நேரம் வாதம். மாடி 15-க்கு 15 என்று சதுரமாக இருந்திருந்தால் உங்கள் கணக்கு ஏழு அங்குலம் உதைக்கும் மாமா என்றேன். "நம்ம மாடி சதுரம் இல்லியே" என்று மறுபடி குச்சியை எடுத்துக்கொண்டார். அந்த இடைவெளியில் காக்கா நாலு வடாத்தைத் தூக்கியது தனிக் கதை.

ஹார்டுவேர் கடையில் மேஜை விளிம்பில் ரெண்டு ஆணி அடித்து வைத்து, அதற்கிடையே கயிறை இழுத்து இழுத்து அளப்பார்கள். "இருபத்தஞ்சா வாங்கிக்கங்க சார்."

"வேணாம், பத்தொன்பதே கால். கணக்குப் போட்டாச்சு."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வெட்டிக் கொடுத்தார்.

மாடிக்கு வந்து ஒரு கொக்கியில் நல்ல இறுக்கமாக ரெண்டு முடிச்சுப் போட்டேன். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகவே சுற்றி எதிர் மூலைக்குப் போனேன். எவ்வளவு இழுத்தும் கொக்கிக்கும் கயிறுக்கும் நடுவே முக்கால் அடி. மாமனார் வானத்தைப் பார்த்தார். மகள் போனைப் பார்த்தாள்.

திரும்பக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"முடிச்சுக்கா சார்?"